இதைப் போட்டா ஆள் வருமா?

அச்சுக் கடை வைத்திருப்பவர்களிடம் வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். எந்தத் தாள், எத்தனை ஜிஎஸ்எம், மேட் லேமினேஷனா கிளாஸா, நாளைக்குள் கிடைக்குமா. ஒரே ஒரு கேள்விக்குத்தான் எங்களிடம் பதில் இருப்பதில்லை. நோட்டீஸ் டிசைனைத் திரையில் பார்த்து, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கச் சொல்லி, போன் நம்பரை இரண்டு தடவை சரிபார்த்து, எல்லாம் முடிந்த பிறகு கேட்பார்கள்: "இதைப் போட்டா ஆள் வருமா?"

"வரும்" என்று சொல்லிப் பழகியிருந்தேன். வேறென்ன சொல்வது? அடித்த நோட்டீஸ் கடையை விட்டு வெளியே போனபின் என்ன ஆகிறது என்று எங்களுக்குத் தெரியாது. அடித்துக்கொண்டு போனவருக்கும் தெரிவதில்லை. கட்டு கட்டாக விநியோகிக்கிறார், அந்த மாதம் வியாபாரம் பரவாயில்லை, அதனால் மறுபடி அடிக்க வருகிறார். அதற்கு மேல் அவரிடம் ஆதாரம் கிடையாது.

நான் மறுபடி கல்லூரியில் சேர இந்தக் கேள்விதான் காரணம் என்று சொன்னால் அது கதை. பட்டம் வாங்காமல் விட்டது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், கடையைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் இருக்கிறார், மாலை வகுப்பில் இடம் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன். மேலாண்மைப் படிப்பு. ஆனால் போகப் போக என்னைப் பிடித்து இழுத்தவை எல்லாம் இந்தக் கேள்வியைத் தொட்ட பாடங்களாகவே இருந்தன. மற்றவற்றைத் தேர்வுக்காகப் படித்தேன், மறந்தும்விட்டேன்.

முதல் பருவத்திலேயே நான்கு 'பி' வந்துவிடும். ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960இல் வகுத்தது: பொருள் (ப்ராடக்ட்), விலை (ப்ரைஸ்), இடம் (ப்ளேஸ்), விளம்பரம் (ப்ரமோஷன்). வகுப்பில் இளம் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தபோது எனக்குக் கடைதான் கண்ணில் தெரிந்தது. எங்களிடம் வருகிற யாருக்கும் மார்க்கெட்டிங் என்றால் நாலாவது பி மட்டும்தான். நோட்டீஸ், பேனர், ஃபேஸ்புக் பதிவு. மற்ற மூன்றும் சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. என் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் விற்பது விசிட்டிங் கார்டு என்று நினைத்திருந்தேன். வருகிறவர்கள் கேட்பதைக் கவனித்தால், பாதிப் பேருக்கு வேண்டியது நேரம். "நாளைக்குக் காலையில வேணும்" என்கிறவருக்குத் தாளின் தடிமன் இரண்டாம்பட்சம். அதன்பிறகு கடைப் பலகையில் 'உயர்தர அச்சு' என்பதற்குக் கீழே 'அன்றைக்கே கிடைக்கும்' என்று சேர்த்தேன். செலவில்லாத மாற்றம்.

அதே 1960இல் தியடோர் லெவிட் எழுதிய கட்டுரை ஒன்றையும் படிக்க வைப்பார்கள். ரயில் கம்பெனிகள் தாங்கள் போக்குவரத்துத் தொழிலில் இருப்பதாக நினைக்காமல் ரயில் தொழிலில் இருப்பதாக நினைத்தன, அதனால் சரிந்தன என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். எனக்கு முழு ஒப்புதல் இல்லை. ரயில் ஓட்டத் தெரிந்தவருக்கு விமானம் ஓட்டத் தெரிந்துவிடாது. இரண்டு மூன்று பேர் வேலை செய்கிற கடை, 'நாம் தகவல் தொடர்புத் தொழிலில் இருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டு வீடியோ, வெப்சைட், விழா ஏற்பாடு என்று இறங்கினால் இருக்கிற வேலையும் கெடும். பெரிய நிறுவனத்துக்கு எழுதிய அறிவுரையைச் சின்னக் கடைக்குப் போடும்போது அளவெடுத்து வெட்டித்தான் போட வேண்டும். பாடப் புத்தகத்தில் இந்த வெட்டு வேலை இருக்காது, நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

சரி, ஆள் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

விளம்பரத்தை அளப்பது இன்டர்நெட் வந்த பிறகு வந்த பழக்கம் என்று நினைத்திருந்தேன். கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் 1923இலேயே கூப்பன் வைத்துச் சோதிக்கச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு விளம்பரத்திலும் வேறு வேறு அடையாளம் உள்ள கூப்பன் இருக்கும். திரும்பி வருகிற கூப்பனை எண்ணினால் எந்த விளம்பரம் வேலை செய்தது என்று தெரிந்துவிடும். இதைப் படித்த அன்றைக்கே எனக்குத் தோன்றியது க்யூஆர் கோடுதான். ஒரே நோட்டீஸ், ஆனால் பேருந்து நிறுத்தத்தில் கொடுப்பதற்கு ஒரு கோடு, செய்தித்தாளுக்குள் வைப்பதற்கு ஒரு கோடு, பக்கத்துக் கடைகளின் மேசையில் வைப்பதற்கு ஒரு கோடு. மூன்றும் ஒரே பக்கத்துக்குத்தான் போகும், இணைப்பின் வாலில் மட்டும் வேறு வேறு குறி. இதை யூடிஎம் குறி என்பார்கள். எத்தனை பேர் எந்த வழியாக வந்தார்கள் என்று கூகுள் அனலிட்டிக்ஸ் மாதிரியான இலவசக் கருவியிலேயே பார்க்கலாம். டிஜிட்டல் பிரிண்டில் மூன்று வகையாகப் பிரித்து அடிப்பதற்குப் பெரிதாகக் கூடுதல் செலவில்லை.

க்யூஆர் கோடைப் பற்றி அச்சுக்காரியாகக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் பணம் வீணாவதைத் தினமும் பார்க்கிறேன். ஜப்பானில் டென்ஸோ நிறுவனத்தின் மசஹிரோ ஹாராவும் அவர் குழுவும் கார் உதிரிபாகங்களைக் கண்காணிக்க 1994இல் உருவாக்கியது அது. எண்ணெய்க் கறை படிந்தாலும் படிக்க வேண்டும் என்பதால் பிழை திருத்தும் வசதியோடு செய்தார்கள். அதில் நான்கு நிலைகள் உண்டு. மிகக் கீழ்நிலையில் சுமார் 7 சதவீதமும் மிக மேல்நிலையில் சுமார் 30 சதவீதமும் சேதமானால்கூடப் படித்துவிடும். நடுவில் லோகோ வைப்பதென்றால் மேல்நிலையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் நிலை ஏற ஏறக் கட்டங்கள் பொடியாகும். இணைப்பு நீளமாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் இணைப்பைச் சுருக்கிவிட்டு கோடு உருவாக்குங்கள்.

கோடைச் சுற்றி நாலு கட்ட அகலத்துக்கு வெள்ளை விடச் சொல்கிறது அதற்கான தரவிதி. டிசைனர்கள் முதலில் தின்பது அந்த வெள்ளையைத்தான். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு, வெளிர் மஞ்சளில் தங்க நிறக் கோடு எல்லாம் பார்க்க அழகாக இருக்கும், சில போன்கள் படிக்காமல் போகலாம். அளவுக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு ஒன்று உண்டு: எவ்வளவு தூரத்திலிருந்து ஸ்கேன் செய்வார்களோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம். கையில் வைத்துப் பார்க்கும் நோட்டீஸுக்கு மூன்று சென்டிமீட்டர் போதும். சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு அதே மூன்று சென்டிமீட்டர் கோடைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இது பணம் சம்பந்தப்பட்டது. 'டைனமிக்' கோடு என்று சில தளங்கள் கொடுப்பது உங்கள் பக்கத்துக்கு நேராகப் போகாது, அவர்கள் வைத்திருக்கும் சுருக்க இணைப்பு வழியாகப் போகும். முகவரியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் வசதி. சந்தா கட்டுவதை நிறுத்தினால் அச்சடித்த அத்தனை கோடும் செத்துப்போகலாம் என்பது அதன் ஆபத்து. நீண்ட நாள் இருக்கப்போகும் பலகைக்கும் பொருளின் அட்டைப்பெட்டிக்கும் நேராகப் போகிற 'ஸ்டாட்டிக்' கோடு, அதுவும் உங்கள் சொந்த வெப்சைட் முகவரிக்குப் போகிற கோடு நல்லது.

இப்படியெல்லாம் அளந்து எண்கள் கையில் வந்தவுடன் ஒரு தெம்பு வந்தது. அதைப் புள்ளியியல் வகுப்பு அடுத்த பருவத்தில் உடைத்தது. அந்த வகுப்புக்காகவே மொத்தக் கட்டணத்தையும் கட்டியிருப்பேன்.

ஒரு வாடிக்கையாளர் இரண்டு டிசைனில் சம அளவு நோட்டீஸ் போட்டார் என்று வையுங்கள். பச்சை நோட்டீஸுக்கு 12 பேர் கூப்பிட்டார்கள், நீலத்துக்கு 8 பேர். பச்சை ஜெயித்துவிட்டது, இனிமேல் எல்லாம் பச்சைதான் என்று யாருக்கும் தோன்றும். வகுப்பில் ஆசிரியர் காசு சுண்டச் சொன்னார். நேர்மையான காசை 20 தடவை சுண்டினால் 12-8 என்றோ அதைவிட ஏறுமாறாகவோ விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அதாவது இரண்டு நோட்டீஸுக்கும் எள்ளளவும் வித்தியாசம் இல்லாவிட்டாலும், இப்படிச் சோதிக்கிற கடைகளில் பாதிக் கடைகளுக்கு ஒன்று 'ஜெயித்ததாக'த் தெரியும். 14-6 அல்லது அதைவிட மோசமான பிளவுகூட நூற்றுக்குப் பதினொரு தடவைக்கு மேல் வெறும் தற்செயலில் வந்துவிடும். 15-5 வரை போனால்தான் நூற்றுக்கு நாலு என்று குறைகிறது. என் வாடிக்கையாளர்களில் யாருக்கும் ஒரு நோட்டீஸுக்கு நூற்றுக்கணக்கில் அழைப்பு வருவதில்லை. ஆக, 'இந்தக் கலர் ராசி, அந்தக் கலர் ராசியில்லை' என்று பல வருடமாக எங்கள் கவுண்டரில் நடந்த விவாதம் அத்தனையும் காசு சுண்டிய பலனைப் பற்றித்தான்.

பெரிய இணையக் கம்பெனிகள் பட்டனின் நிறத்தைக்கூட மாற்றிச் சோதிக்கின்றன என்று படித்துவிட்டு நாமும் செய்யக் கிளம்புகிறோம். அவர்களிடம் லட்சக்கணக்கில் ஆள் வருகிறது, சின்ன வித்தியாசமும் எண்ணிக்கையில் தெரிந்துவிடும். நம்மிடம் வருவது கைவிரல் கணக்கு. நாம் சோதிக்க வேண்டியவை பெரிய வித்தியாசங்கள்: வேறு இடம், வேறு வகை ஆட்கள், வேறு சலுகை, அல்லது நோட்டீஸே போடாத ஒரு தெரு. மூன்று மடங்கு, நாலு மடங்கு வித்தியாசம் வருகிற விஷயமாக இருந்தால் சின்ன எண்ணிக்கையிலும் அது தலைகாட்டும். தலைகாட்டவில்லை என்றால் எது பிடித்திருக்கிறதோ அதையே அடித்துவிட்டுப் போகலாம். நிறத்தைப் பற்றி இப்போதெல்லாம் நான் வாக்குவாதம் செய்வதில்லை.

இதற்கு அண்ணன் மாதிரி இன்னொரு பாடம். பிரான்சிஸ் கால்டன் 1886இல் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு எழுதினார். மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடக் கொஞ்சம் குட்டையாகவும், மிகக் குட்டையானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் உயரமாகவும் இருந்தார்கள். உச்சத்துக்கோ அடிமட்டத்துக்கோ போன எதுவும் அடுத்த முறை நடுவை நோக்கி வரும் வாய்ப்பு அதிகம். இதைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். விளம்பரம் செய்ய வேண்டும் என்று நமக்கு எப்போது தோன்றுகிறது? வியாபாரம் படுத்திருக்கும் மாதத்தில்தான். படுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் விளம்பரம் இல்லாவிட்டாலும் ஓரளவு எழுந்துதான் இருக்கும். அந்தப் பெயரை விளம்பரம் தட்டிக்கொண்டு போகிறது. நோட்டீஸ் அடித்துப் பிழைக்கிறவள் இதைச் சொல்லக் கூடாதுதான். நன்றாகப் போகிற மாதத்திலும் ஒரு தடவை விளம்பரம் போட்டுப் பார்த்தால்தான் அதன் உண்மையான பலம் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் பிழைப்பு நடக்க வேண்டும்.

எண்ணிக்கை குறைவாக இருப்பதில் சின்னக் கடைக்கு ஒரு லாபமும் உண்டு. வருகிற ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுக் கேட்கலாம். கேட்கும் விதம்தான் முக்கியம். "எங்களப் பத்தி எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பாதிப் பேர் "நெட்ல" என்பார்கள், மீதிப் பேர் "தெரியும்" என்பார்கள். இதைச் சரிசெய்தது எங்கள் குழுத் திட்டத்தில் என்னோடு இருந்த ஒரு பையன். மகன் வயது. கடைக்கு வந்து உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் பேச்சுக் கொடுத்தான். "இங்க வர்றதுக்கு முன்னாடி போன்ல என்னன்னு தேடினீங்க?", "வேற எந்தக் கடைக்காவது போன் போட்டீங்களா?" இந்த மாதிரி, நடந்ததை மட்டும் கேட்டான். கருத்துக் கேட்கவே இல்லை. 'நெட்' என்றவர்களில் பலர் முதலில் நண்பரிடம் கேட்டிருக்கிறார்கள், நண்பர் கடைப் பெயரைச் சொல்லியிருக்கிறார், போன் நம்பருக்காக மட்டும் கூகுளில் தேடியிருக்கிறார்கள். அனலிட்டிக்ஸ் கணக்கில் அது கூகுள் கொண்டுவந்த ஆள். கடைசியாகத் தொட்டவனுக்கே முழுப் பெயரும் போய்விடும் இந்தக் குறையைக் கருவிகள் தானாகச் சொல்லாது.

அந்தப் பேச்சுகளிலிருந்து நாங்கள் செய்த மாற்றங்கள் சாதாரணமானவை. கூகுள் மேப்பில் கடைப் பெயர், நம்பர், திறக்கும் நேரம் மூன்றும் பலகையிலும் பில்லிலும் இருப்பது போலவே இருக்கிறதா என்று சரிபார்த்தோம். கடை மூடும் நாளை முன்கூட்டியே அதில் போட்டோம். வேலை முடித்துக் கொடுக்கும்போது விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்க ஆரம்பித்தோம். எழுதினால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், பரிசு கொடுத்து விமர்சனம் வாங்குவது கூகுள் விதிகளுக்கு விரோதம்.

வாட்ஸ்அப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் சாதாரண பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். அதனால் முதல் வேலை, நம்பரைச் சேமிக்க வைப்பது. 'டிசைன் ஃபைல் இந்த நம்பரிலிருந்துதான் வரும், சேமித்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் சேமிப்பார்கள். அப்புறம் அந்த உரிமையைக் காலை வணக்கம் அனுப்பிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்காத விளம்பரச் செய்தியின் வரலாறு 1978 மே மாதமே தொடங்கிவிட்டது. கேரி தர்க் என்ற கணினி விற்பனையாளர், இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மின்னஞ்சலை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டார். எரிச்சல் அன்றைக்கு இருந்ததேதான் இன்றைக்கும்.

கூகுளில் காசு கொடுத்து விளம்பரம் செய்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு: எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வரக்கூடாது என்று சொல்லும் பட்டியலை முதல் நாளே போடுங்கள். 'இலவச', 'வேலைவாய்ப்பு', 'எப்படிச் செய்வது' என்று தேடுகிறவர்கள் வாங்க வருவதில்லை, ஆனால் அவர்கள் அழுத்துகிற ஒவ்வொரு கிளிக்குக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் எதில் குறித்து வைப்பது என்று கேட்பவர்களுக்கு, விலை உயர்ந்த மென்பொருள் எதுவும் வேண்டாம். சாதாரண ஸ்ப்ரெட்ஷீட் போதும். அதுவே வகுப்பறையில் பிறந்த பொருள்தான். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், பேராசிரியர் கரும்பலகையில் ஓர் எண் தப்பாகிவிட்டதால் அதைச் சார்ந்த மற்ற எண்களையும் அழித்து அழித்து எழுதுவதைப் பார்த்திருக்கிறார். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தானாக மாறினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து அவர் செய்த விசிகால்க் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. எக்செல் எல்லாம் அதன் வழியில் பின்னால் வந்தவை. எங்கள் ஷீட்டில் தேதி, புதியவரா பழையவரா, யார் அல்லது எது அனுப்பியது, என்ன வேலை, எவ்வளவு தொகை என்று சில பத்திகள் மட்டும். பத்திகள் அதிகமானால் கூட்ட நேரத்தில் யாரும் நிரப்ப மாட்டார்கள். 'புதியவரா பழையவரா' என்பதை மட்டும் எக்காரணத்துக்கும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வருமானத்தில் பெரும்பங்கு திரும்பி வருகிறவர்களிடமிருந்துதான் என்று அந்தப் பத்திதான் காட்டியது. புதியவரைத் தேடிச் செலவழிப்பதைவிட, விசிட்டிங் கார்டு தீரும் சமயத்தில் பழையவருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்புவது எவ்வளவோ மலிவு.

படிப்புக்கு வருகிறேன். வயதான பிறகு படித்தால் மண்டையில் ஏறாது என்ற பயம் எனக்கும் இருந்தது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் வெளியிட்டார். முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. அவருக்கே அப்படியென்றால் நமக்கென்ன. உதவியது வேறொரு ஆய்வு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்டது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு தடவை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் அவர்களை முந்தினார்கள்.

கடை நடத்துகிறவருக்கு இது கடவுள் கொடுத்த வரம். மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்காது, ஆனால் மூடிவைத்துவிட்டு யோசிக்க நேரம் நிறைய உண்டு. மெஷின் ஓடும்போது, லேமினேஷன் சூடேறும்போது, கழிவுத் தாளின் பின்பக்கத்தில் நேற்றைய பாடத்தை நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பேன். எழுத வராத இடம்தான் இரவில் படிக்க வேண்டிய இடம். மஞ்சள் மார்க்கரால் கோடு போடுவதை அதோடு விட்டுவிட்டேன்.

கூடப் படிப்பவர்கள் முதலில் 'மேடம்' என்றார்கள், முதல் குழுத் திட்டம் முடிவதற்குள் 'அக்கா' ஆகிவிட்டது. குழுத் திட்டத்தைப் பற்றிப் பெரியவர்கள் எல்லோரும் புலம்புவார்கள். நள்ளிரவில்தான் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும், எனக்கு அப்போது கண்ணைச் சொருகும். முதல் கூட்டத்திலேயே பொதுவான ஆவணம் ஒன்றில் யார் எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் என்று பெயர் போட்டு எழுதிவிட்டோம், அதன்பிறகு நான் தூங்கப் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. கடையில் ஆர்டர் ஒப்புக்கொள்ளும் வழக்கம்தான் இது. அவர்களுக்கு அது புதிதாக இருந்தது. எனக்கு அவர்கள் சொல்லிக்கொடுத்தவை இன்னும் அதிகம்: குறும்படமாக வேலையைக் காட்டுவது, வெளிச்சத்துக்கு எதிரே நின்று எடுக்காமல் இருப்பது, முதல் இரண்டு நொடியிலேயே அச்சிட்ட பொருளைக் காட்டிவிடுவது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசாமல் இப்போது கல்லூரியைப் பற்றிப் பேச முடியாது. சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து வகுப்பில் பாதிக் கட்டுரை ஒரே குரலில் இருக்கிறது. எனக்கு அது புரியாத பகுதியை எளிதாக விளக்கச் சொல்லவும், மாதிரிக் கேள்விகள் கேட்கச் சொல்லவும் நன்றாக உதவுகிறது. மேற்கோள் கேட்டால் மட்டும் ஜாக்கிரதை. உலகத்திலேயே இல்லாத கட்டுரைக்குத் தலைப்பு, ஆண்டு, பக்க எண் எல்லாம் அச்சு அசலாகக் கொடுக்கும். நூலக அட்டவணையில் தேடிக் கிடைக்காததைச் சேர்க்காதீர்கள். எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொரு ஆசிரியரும் ஒவ்வொரு விதமாகச் சொல்வார், முன்பே கேட்டுவிடுவது நல்லது.

கடைக்கும் அந்தக் குரல் வந்துவிட்டது. 'தரமான சேவை, நியாயமான விலை, உங்கள் நம்பிக்கையே எங்கள் பலம்' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். சாவிக் கடைக்கும் பொருந்தும், தையல் கடைக்கும் பொருந்தும். அப்படி வருகிறவர்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன்: போனில் உங்களிடம் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி எது, நீங்கள் செய்யாத வேலை எது, அவசரம் என்றால் எத்தனை மணி வரை திறந்திருப்பீர்கள். அவர் வாயிலிருந்து வருகிற பதிலை அப்படியே நோட்டீஸில் போடுகிறோம். 'பழைய ஜிப்பை மாற்றித் தருவோம், நீங்கள் காத்திருக்கும்போதே' என்ற வரியை எந்த மென்பொருளும் தானாக எழுதாது, ஏனென்றால் அந்தக் கடையில் அது நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

மறுபடி படிக்கப் போவதா என்று யோசிப்பவர்களுக்கு, சேரும் முன் அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இருக்கின்றன. முன்பு பாதியில் விட்ட படிப்பின் மதிப்பெண்களை ஏற்றுக்கொள்வார்களா, ஏற்றால் எந்தெந்தப் பாடம் குறையும், அதை எழுத்தில் தருவார்களா. வருகைப்பதிவு எத்தனை சதவீதம் கட்டாயம். தேர்வு எந்த மாதங்களில் வரும், அது உங்கள் தொழிலின் கூட்ட காலத்தோடு மோதுமா. முதல் பருவத்தில் பாடங்களைக் குறைத்து எடுக்க அனுமதி உண்டா. அனுமதி இருந்தால் குறைத்தே எடுங்கள், ஆனால் புள்ளியியலைக் கடைசி வருடத்துக்குத் தள்ளாதீர்கள், சீக்கிரம் படித்தால் மற்றப் பாடங்களையும் கடைக் கணக்கையும் அதை வைத்தே பார்க்கலாம். கணக்கு மறந்துபோயிருந்தால் வகுப்பு தொடங்குவதற்கு முன் சதவீதம், சராசரி, பின்னம் மூன்றையும் பள்ளிப் புத்தகத்தை எடுத்து வைத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள், முதல் சில வாரங்களுக்கு அது போதும்.